ஊரடங்குக்குப் பிறகு மகள் மைதானத்தின் பக்கமே போவதில்லை. என்ன செய்யலாம்?

திருப்பூர்க்காரி:
மகளுக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. 2020 மார்ச்சில் பள்ளியை மூடியபோது ஆறாம் வகுப்பு. அப்போது கோ-கோ அணியில் அவளைத் தொட்டுவிட்டால் பெரிய விஷயம். மாலையில் முழங்காலெல்லாம் செம்மண்ணோடு வந்து நிற்பாள், நான் கத்துவேன். ஊரடங்கில் கொஞ்ச நாள் மொட்டை மாடியில் ஸ்கிப்பிங் ஆடினாள். கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேல் இடிக்கிறது என்றார், அதோடு கயிறு ஆணிக்குப் போய்விட்டது. பிறகு ஆன்லைன் வகுப்புக்கென்று தவணையில் போன் வாங்கினோம். நானும் அவரும் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால் வீட்டில் அவளும் போனும்தான்.

2021 நவம்பரில் எட்டாம் வகுப்புக்குப் பள்ளி திறந்தது. வகுப்புக்குப் போனாள், மைதானத்துக்குப் போகவில்லை. இன்றுவரை அதே கதைதான். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மருத்துவர் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, ஓடி ஆடச் சொல்லுங்கள்" என்றார். அதைத்தானே நான் தினமும் சொல்கிறேன்! இது சோம்பலா, வேறு ஏதாவதா?

ஈரோட்டு அப்பா:
போனை வாங்கிப் பூட்டி வையுங்கள், தானாக எழுந்து ஓடுவாள். என் மகனும் இப்படித்தான் கிடந்தான். 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்த அன்று சாப்பிடக்கூட இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டுக்குப் போனால் இருட்டித்தான் வருகிறான். கெஞ்சினால் மிஞ்சுவார்கள்.

விசில் வாத்தியார்:
ஐயா, உங்களுடையது பையன் கதை. நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியன், பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் பழியை முழுக்கக் கொரோனா மேல் போட முடியாது. தினமும் ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க உடம்பு அசைய வேண்டும் என்பது இந்த வயதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. 2016-ஆம் ஆண்டுக் கணக்கிலேயே 11 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் உலகம் முழுக்க நூற்றுக்கு 81 பேர் அதை எட்டவில்லை. பெண் பிள்ளைகளில் 85 பேர். ஊரடங்கு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது.

எங்கள் பள்ளியில் 2021 செப்டம்பரில் பெரிய வகுப்புகள் வந்தபோது மைதானம் முழுக்க நெருஞ்சி, கோ-கோ கம்பத்தில் கரையான். பையன்கள் இரண்டு சுற்று ஓடிவிட்டு விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆனால் ஒரு மாதத்தில் தேறிவிட்டார்கள். ஊரடங்கிலும் போலீஸ் தலை மறைந்ததும் காய்ந்த குளத்தில் மட்டை பிடித்தவர்கள்தானே.

நவம்பரில் சின்ன வகுப்புகள் வந்தன. பழைய பெண்கள் அணியில் பன்னிரண்டு பேரில் மூன்று பேர்தான் மைதானத்தில் இறங்கினார்கள். மற்றவர்கள் வேப்பமரத்தடியில், மடியில் புத்தகப்பை. பதினோரு வயதில் போனவர்கள் பதின்மூன்றில் வந்திருந்தார்கள். இடையில் வயதுக்கு வந்திருந்தார்கள். வழக்கமாக அது விளையாடிக்கொண்டிருக்கும்போதே நடக்கும். அந்த நாட்களில் என்ன செய்வது, என்ன உடுத்துவது என்று அணியின் அக்காக்கள் காதோடு சொல்லிக் கொடுப்பார்கள். எனக்குத் தெரியாமலே நடக்கும் பாடம் அது. இந்தப் பிள்ளைகளுக்கு அக்காக்கள் கிடைக்கவில்லை. சோம்பல் என்று நானும் முதலில் திட்டினேன். போதாததற்கு எல்லோரையும் ஓட விட்டேன். நான்கு பேர் முன்னங்கால் வலியோடு வந்தார்கள், மறுநாள் வரவே இல்லை.

பிறகு ஓட்டத்தை விட்டுவிட்டு, கட்டடத்துக்குப் பின்னால், பையன்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வளையப்பந்துக்கு வலை கட்டினேன். இருபது நிமிடம்தான். ஒருத்தி வந்தால் தோழியையும் இழுத்து வருவாள். உங்கள் மகளின் பழைய அணியில் இன்னும் பேச்சுவார்த்தையில் இருப்பவள் யார் என்று பாருங்கள் சகோதரி. நீங்கள் பத்து முறை சொல்வதைவிட அவள் ஒருமுறை வாசலில் வந்து கூப்பிடுவது மேல்.

நித்யகல்யாணி:
அக்கா, நான் இப்போது கல்லூரியில் படிக்கிறேன். ஊரடங்கில் ஒன்பதாம் வகுப்பு. வாத்தியார் ஐயா சொன்ன மரத்தடியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். என் காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். டிராக் பேன்ட். பழையது கணுக்காலுக்கு மேலே நின்றது, இடுப்பில் இறுக்கியது. அப்பாவுக்கு ஆறு மாதமாக வேலை இல்லை, புதிது கேட்க வாய் வரவில்லை. வயிற்று வலி என்றேன், தலைவலி என்றேன், கடைசியில் விளையாட்டே பிடிக்காது என்று சொல்லிவிட்டேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது. ஒருமுறை அலமாரியைப் பாருங்கள்.

திருப்பூர்க்காரி:
நித்யா, பார்த்தேன். 2019-இல் வாங்கிய நீலப் பேன்ட் ஒன்றுதான் இருக்கிறது, அடித்தட்டில். தூக்கிப் பிடித்தால் அவள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வருகிறது. கம்பெனியில் நாள் முழுக்க ஏற்றுமதி டிராக் பேன்ட்டுக்கு எலாஸ்டிக் வைத்துத் தைக்கிறவள் நான்! இதை எங்கே போய்ச் சொல்வது?

ஐயா, பழைய அணியில் ஒருத்தி இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள், அவள் அம்மாவிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை சம்பளம். பேன்ட் வாங்கலாமா என்று கேட்டேன். "எதற்கு?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறைக்கு வந்து, வாங்கினால் கறுப்பு வாங்கு என்றாள்.