யுஎஸ்பி மோடத்தில் எஸ்எம்எஸ் கேட்வே: நீங்கள் மாட்டிக்கொண்ட இடம் எது?

#1

மோடத்தைச் செருகு, கேட்வேயை (கணினியிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருளை) நிறுவு, செய்தி போகும் என்று சொல்லும் வழிகாட்டிகளை நிறையப் படித்துவிட்டேன். எனக்கு ஒருமுறைகூட அப்படி நடந்ததில்லை. அதனால் நடக்காத கதைகளை மட்டும் இங்கே சேர்க்கலாம் என்று தோன்றியது. நானே ஆரம்பிக்கிறேன்.

வேலை சின்னதுதான். சர்வர் ஏதாவது நின்றுபோனால் நான்கு பேர் கைபேசிக்குச் செய்தி போக வேண்டும். இணையம் அறுந்தாலும் போக வேண்டும் என்பதால் இணையவழிச் சேவை எதுவும் உதவாது, சிம் போட்ட மோடம்தான் சரி. லினக்ஸ் கணினியில் செருகினேன், விளக்கு எரிந்தது. ஆனால் கணினிக்குத் தெரிந்தது மோடம் இல்லை, ஒரு சிடி டிரைவ்! விண்டோஸுக்கான டிரைவரைத் தனக்குள்ளேயே பொய்ச் சிடியாக வைத்துக்கொண்டு, செருகியதும் முதலில் அதைத்தான் நீட்டுகிறது. யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சிறு நிரல் அந்த வேடத்தைக் கலைத்தது. உடனே டிடிஒய்யுஎஸ்பி 0, 1, 2 என்று மூன்று போர்ட் முளைத்தன. மூன்றிலும் மோடத்துக்கான அடிப்படைக் கட்டளையான 'ஏடி'யைத் தட்டிப் பார்த்தேன். இரண்டில் 'ஓகே' வந்தது, ஒன்று ஊமை. முதலாவதை கன்னல் என்ற கேட்வேயின் அமைப்புக் கோப்பில் எழுதினேன்.

இரண்டு நாள் அருமையாக ஓடியது. மூன்றாம் நாள் கணினியை மறுதொடக்கம் செய்ததும் குழப்பம். கன்னல் சிக்னல் அளவைக் கேட்டால் மோடம் நிறுவனப் பெயரைச் சொல்கிறது. கட்டளை முடியும் முன்பே அடுத்த பதில் வந்து விழுகிறது. யாரோ மூன்றாவது ஆள் பேச்சில் நுழைந்தது போல. உண்மையில் நுழைந்துதான் இருந்தார். மோடம்மேனேஜர் என்ற பின்னணிச் சேவை, இணைய இணைப்புக்குப் பயன்படுமா என்று பார்க்க அதே போர்ட்டைத் திறந்து தன் பங்குக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. முதல் இரண்டு நாள் அது ஓடாமல் இருந்தது என் நல்ல நேரம். அந்த மோடத்தைத் தொடாதே என்று யுடெவ்வில் (லினக்ஸில் சாதனங்களைக் கவனிக்கும் பகுதி) விதி ஒன்று எழுதினேன், சரியானது.

இன்னொன்று மட்டும் இன்றுவரை புரியவில்லை. செய்தி கிடைத்ததும் குழுவில் ஒருவர், 'நான் பதில் அனுப்பினேனே' என்பார். எனக்கு எதுவும் வந்திருக்காது. அவர் சும்மா சொல்கிறார் என்றே நினைத்துக்கொள்வேன்.

#2

உங்களுக்கு ஒரு மோடம். எனக்கு எட்டு, ஒரே ஹப்பில்.

மேசை மேல் வைத்துச் சோதித்தபோது எட்டும் ஒழுங்காக ஓடின. இரும்பு ரேக்குக்குள் மாற்றிய அன்றிலிருந்து ஒன்று மாற்றி ஒன்றாக மயக்கம் போட்டன. லாக்கில் 'டிஸ்கனெக்ட்', அடுத்த வரியில் திரும்பவும் இணைப்பு. கேட்வே மென்பொருளை மூன்றுமுறை மாற்றினேன். கன்னலில் இருந்து காமுவுக்கு, அதிலிருந்து எஸ்எம்எஸ் சர்வர் டூல்ஸுக்கு. மூன்றிலும் அதே கதை. அப்புறம்தான் மென்பொருளை விட்டுவிட்டுக் கம்பியைப் பார்த்தேன்.

ஜிஎஸ்எம் மோடம் செய்தி அனுப்பும்போது ஒரே சீராக மின்சாரம் எடுப்பதில்லை. 4.6 மில்லி நொடிக்கு ஒருமுறை, அரை மில்லி நொடிக்குச் சற்றே அதிகமான நேரம், வெடுக்கென்று இழுக்கும். அந்தக் கணத்தில் உள்ளே உள்ள சில்லு 2 ஆம்பியர் வரை கேட்கலாம். யுஎஸ்பி 2.0 போர்ட் தர ஒப்புக்கொண்டது 500 மில்லி ஆம்பியர். இந்த இடைவெளியை மோடத்துக்குள் இருக்கும் மின்தேக்கிதான் தாங்கிப் பிடிக்கிறது. ஸ்பீக்கர் பக்கத்தில் கைபேசியை வைத்தால் அழைப்பு வருமுன் 'டட்டட்-டட்டட்' என்று இரையுமே, அது இதே இழுப்பின் சத்தம்தான், நொடிக்கு 217 தடவை. அந்த இரைச்சலைக் கேட்டே செய்தி போய்விட்டது என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பழகிவிட்டது.

சரி, ரேக்குக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? இரும்புப் பெட்டிக்குள் போனதும் சிக்னல் விழுந்தது. சிக்னல் அளவைக் கேட்கும் சிஎஸ்க்யூ கட்டளைக்கு மேசையில் 20 வந்தது, ரேக்கில் 7. அதாவது மைனஸ் 73 டிபிஎம் இருந்த இடத்தில் மைனஸ் 99. கோபுரம் எட்டவில்லை என்றால் மோடம் உரக்கப் பேசும், உரக்கப் பேசினால் அதிக மின்சாரம் இழுக்கும். எட்டும் ஒரே நேரத்தில் உரக்கப் பேசினால் கணினி போர்ட்டிலிருந்து மட்டும் மின்சாரம் வாங்கும் ஹப் என்ன செய்யும், பாவம். தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்கி, மோடங்களை நீட்டிப்புக் கேபிளில் ரேக்குக்கு வெளியே தொங்கவிட்டேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது. ஓடுகிறது.

துணைக்கதை ஒன்று. மோடம் அறுந்து திரும்ப வரும்போது பழைய பெயரில் வராது. கேட்வே பழைய போர்ட்டை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதால் புது எண் கிடைக்கும். கேட்வேயோ செத்துப்போன எண்ணிடம் பேசிக்கொண்டே இருக்கும். நிரந்தரப் பெயருக்கு, மோடத்தின் வரிசை எண்ணை வைத்துப் பெயர் தரும் 'பை-ஐடி' அடைவைப் பயன்படுத்தச் சொல்வார்கள். என் எட்டு மோடத்துக்கும் வரிசை எண்ணே கிடையாது, எட்டும் ஒரே பெயருக்கு அடித்துக்கொண்டன. 'பை-பாத்' தான் உதவியது. அது பெயர் வைப்பது மோடத்துக்கு அல்ல, அது செருகியிருக்கும் துளைக்கு. அதனால் எந்தத் துளையில் எந்த சிம் என்று ஹப் மேலேயே காகிதம் ஒட்டியிருக்கிறேன். சுத்தம் செய்கிறேன் என்று யாராவது பிடுங்கி மாற்றிச் செருகினால் ஐஎம்இஐ எண்ணைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

#3

என்னுடையது சின்னக் கதை. சிம் மாற்றினேன், அமைப்புக் கோப்பில் பழைய சிம்மின் பின் எண்ணை மாற்றவில்லை. கேட்வே விழுந்தால் தானாக எழுந்து ஓட வேண்டும் என்று நானே பெருமையாக அமைத்து வைத்திருந்தேன். எழுந்தது, தப்பான பின்னைப் போட்டது, விழுந்தது. எழுந்தது, போட்டது, விழுந்தது. மூன்றே முறை. நான் டீ ஆற்றி முடிப்பதற்குள் சிம் பூட்டிக்கொண்டு, திறக்கும் எண்ணான பியுகேயைக் கேட்டது.

பியுகேயையும் பத்து முறை தப்பாகப் போட்டால் சிம் நிரந்தரமாகப் போய்விடும். நல்லவேளை, அதைப் போட கேட்வேக்குத் தெரியாது. இப்போதெல்லாம் புது சிம்மை முதலில் ஒரு சாதாரணக் கைபேசியில் போட்டு, பின் பூட்டையே எடுத்துவிட்டுத்தான் மோடத்துக்குள் வைக்கிறேன்.

#4

பள்ளி ஒன்றுக்கு, வராத பிள்ளைகளின் பெற்றோருக்குத் தமிழில் செய்தி போக ஏற்பாடு செய்தேன். ஆங்கிலத்தில் சோதித்து, சரியாகப் போகிறது என்று கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. மறுநாள் காலை பெற்றோர் கைபேசியில் வரிசையாகக் கேள்விக்குறி. '?????? ????? ????? ????????' என்று மட்டும். ஒரு அம்மா கூப்பிட்டு, என் பிள்ளையைப் பற்றி என்ன சந்தேகம் உங்களுக்கு என்று கேட்டாராம்.

காரணம் எளிது. ஜிஎஸ்எம்மின் இயல்பான 7 பிட் எழுத்து வரிசையில் தமிழ் கிடையாது. காமுவில் 'யுனிகோட்' என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும், கன்னலில் கோடிங் 2 என்று சொல்ல வேண்டும். சேர்த்தேன், தமிழ் வந்தது.

அடுத்த தலைவலி நீளம். ஒரு குறுஞ்செய்தி 140 பைட்தான். ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும், தமிழில் 70. ஒன்றுக்கு மேல் போனால் ஒவ்வொரு துண்டிலும் 6 பைட் தலைப்புக்குப் போய்விடுவதால் 67 தான். தலைமையாசிரியர் விரல்விட்டு எண்ணி 62 எழுத்தில் ஒரு வாசகம் எழுதித் தந்தார். அது இரண்டு செய்தியாகப் போனது. அவர் எண்ணியது தமிழ் எழுத்து, மோடம் எண்ணுவது யுனிகோட் குறி. 'வணக்கம்' அவருக்கு ஐந்து, மோடத்துக்கு ஏழு. புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி. அவரிடம் இதை விளக்கிய அரை மணி நேரம் நான் வாழ்நாளில் எடுத்த ஒரே இலக்கண வகுப்பு. மெய்யைப் போய் ஒரு எழுத்தில்லை என்கிறீரா என்று கோபித்துக்கொண்டார்.

வாசகத்தைச் சுருக்கி, குறி 69 வருமாறு செய்தோம். சில நாள் ஒன்றாகப் போனது, சில நாள் இரண்டாக. வாசகம் மாறவே இல்லை! ஒரு வாரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால், அலுவலகத்தில் இரண்டு கணினியில் இருந்து தட்டெழுதுகிறார்கள். ஒன்றில் 'கொ' என்றால் க, ஒகரக் குறி என்று இரண்டு. மற்றதில் க, ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. வாசகத்தில் இப்படி நான்கு இடம், 69 உடனே 73 ஆகிவிட்டது. அனுப்பும் முன் எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யுனிகோட் வடிவம்) மாற்றும் ஒரு வரியைச் சேர்த்தேன். மோடம் கதை கேட்டவர்களுக்கு இது மோடம் கதையே இல்லை என்று தோன்றலாம், ஆனால் மாதக் கடைசியில் சிம் கணக்கில்தான் இது வந்து நிற்கும்.

#5

மோடமே வேண்டாம், பழைய ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்று சும்மா கிடக்கிறதே என்று ஆரம்பித்தவன் நான். பழைய பொத்தான் கைபேசிகள் பல, கேபிளில் போட்டால் மோடம் போலவே ஏடி கட்டளைக்குப் பதில் சொல்லும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் அந்தக் கதவு மூடியிருக்கும். அதனால் கைபேசிக்குள் ஒரு செயலி, கணினியிலிருந்து யுஎஸ்பி வழியே ஏடிபி (கணினியிலிருந்து ஆண்ட்ராய்டோடு பேசும் கருவி) ஃபார்வர்ட் போட்டு அந்தச் செயலியோடு பேச்சு. அழகாக வேலை செய்தது, 30 செய்தி வரை.

31ஆவது செய்தி நின்றது. கணினியில் பிழை எதுவும் இல்லை. இழுப்பறைக்குள் இருந்த கைபேசியை எடுத்துப் பார்த்தால், இந்தச் செயலி நிறையச் செய்தி அனுப்புகிறது, அனுமதிக்கலாமா என்று திரையில் கேட்டுக்கொண்டு காத்திருக்கிறது. குறிப்பிட்ட நேரத்துக்குள் 30 என்பது ஆண்ட்ராய்டு இயல்பாக வைத்திருக்கும் வரம்பு. ஏடிபி வழியே கூட்டலாம், கூட்டினேன்.

அப்புறம் எட்டு மாதம் தொந்தரவில்லை. ஒருநாள் இழுப்பறை திறக்க மறுத்தது. இரவும் பகலும் சார்ஜிலேயே கிடந்த பேட்டரி உப்பி, கைபேசியின் முதுகைப் பிளந்து, இழுப்பறையின் மேல்தட்டில் முட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக வெளியே எடுத்த அந்த இரண்டு நிமிடம் மூச்சே விடவில்லை. இப்போது மோடத்துக்கு மாறிவிட்டேன்.

மோடம் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹைலிங்க் வகை 4ஜி டாங்கிள் செருகினால் சீரியல் போர்ட் வராது, நெட்வொர்க் கார்டாக வரும். செய்தி அனுப்ப 192.168.8.1 என்ற முகவரியில் உள்ள அதன் குட்டி இணையப் பக்கத்தோடுதான் பேச வேண்டும். கன்னலின் ஏடி வழி அதற்கு ஆகாது. பெட்டியைப் பிரிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

#6

வந்த செய்திக்கெல்லாம் 'உங்கள் செய்தி கிடைத்தது, நன்றி' என்று பதில் போகும்படி வைத்திருந்தேன். ஒரு வாடிக்கையாளரும் தன் கைபேசியில் 'இப்போது பேச இயலாது' என்று தானியங்கிப் பதில் வைத்திருந்தார். இரண்டும் விடிய விடிய மரியாதையாகப் பேசிக்கொண்டன. இருப்புத் தீர்ந்ததால்தான் நின்றது. இப்போது ஒரு எண்ணுக்கு நாளைக்கு ஒரு பதில்தான். எண்ணுக்குப் பதில் பெயர் போட்டு வரும் விளம்பரங்களுக்குப் பதிலே இல்லை.

#1, பதில் வரவில்லை என்றீர்களே, சிம் நினைவகம் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள். கன்னல் இயல்பாக சிம்முக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. சிம்-பஃபரிங் என்று ஒரு அமைப்பு உண்டு, அதை இயக்கினால்தான் படித்து, அழிக்கும். நினைவக அளவைக் கேட்கும் சிபிஎம்எஸ் கட்டளையைக் கொடுத்தால் எத்தனைக்கு எத்தனை என்று சொல்லிவிடும்.

#1

கேட்டேன். 30க்கு 30.

ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு அழித்துக்கொண்டிருக்கிறேன். பாதி விளம்பரம். 17ஆவது, குழுவில் அந்த ஒருவர் நான்கு மாதத்துக்கு முன் இரவு 2.40க்கு அனுப்பியது: 'பார்த்துவிட்டேன், நான் சரிசெய்கிறேன், நீங்கள் தூங்குங்கள்.' அன்றைக்கு நானும் எழுந்து உட்கார்ந்து, அவர் சரிசெய்து முடித்த சர்வரை இன்னொருமுறை மறுதொடக்கம் செய்தது நன்றாக நினைவிருக்கிறது.