மேற்குச் சுவர்ல வெளிவெப்பநிலை சென்சார்: கம்பியா, பேட்டரியா?

கீழ்க்காற்று எழுதியது:
வணக்கம். சாயங்காலம் வெளிக்காற்று உள்காற்றைவிடக் குளிர்ந்ததும் எக்ஸாஸ்ட் ஃபேன் தானா ஓடணும், வெளியே மறுபடி சூடேறினா நிக்கணும். வீட்டுச் சாதனங்களைத் தானா இயக்கற ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள்ல ஆட்டோமேஷன் எழுதி வச்சாச்சு, வெளியே சென்சார்தான் இல்லை. உள்ளே ஹால்ல இருக்கற, பேட்டரில ஓடி ரேடியோ அலையில அளவு அனுப்பற ஜிக்பீ சென்சார் மாதிரியே இன்னொண்ணு வாங்கி வெளியே ஒட்டிடவா, இல்ல ஓட்டை போட்டுக் கம்பி இழுத்து டிஎஸ்18பி20 வெப்பநிலைச் சிப்பு மாட்டவா? ஃபேன் இருக்கறது மேற்குச் சுவர்ல. சென்சாரையும் அதுக்குப் பக்கத்துலயே வைக்கலாம்னு நினைக்கறேன்.

செம்புக்கம்பி எழுதியது:
யோசிக்கவே வேண்டாம், கம்பிதான். டிஎஸ்18பி20-ஐத் தண்ணி புகாத எஃகுக் குழாய்க்குள்ள அடைச்சே விக்கறாங்க. மைனஸ் 10-லிருந்து 85 டிகிரி வரைக்கும் பிழை அரை டிகிரிக்குள்ள. மூணு கம்பி, ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், உள்ளே ஒரு ஈஎஸ்பி32 வைஃபை போர்டு, வேலை முடிஞ்சது. பேட்டரி மாத்த ஏணி போட வேண்டியதில்லை. நீங்க சொல்ற ஜிக்பீ சென்சார் வீட்டுக்குள்ள வைக்கறதுக்குன்னு செஞ்சது. நிறைய மாடலுக்குத் தூசி, தண்ணி எவ்வளவு தாங்கும்னு சொல்ற ஐபி ரேட்டிங்கே கிடையாது.

அலைவரிசை எழுதியது:
இதை நான் ஏத்துக்க மாட்டேன். எல்லார் வீட்டுலயும் சாலிடரிங் அயர்ன் இருக்கும்னு வச்சுக்கிட்டுப் பேசறீங்க. அதைவிட முக்கியம், வெளியே நீண்டு கிடக்கற கம்பி இடி மின்னல் நேரத்துல ஆபத்து. பக்கத்துல எங்கயாவது மின்னல் இறங்கினாலே அந்தக் கம்பியில ஏறற வோல்டேஜ் போர்டைக் கருக்கிடும். எனக்கு ஒரு போர்டு அப்படித்தான் போச்சு. அதுக்கப்புறம் கூரை விளிம்புக்கு அடியில, மழை நேரா படாத இடத்துல, சாதாரண ஜிக்பீ சென்சார் ஒண்ணு ரெண்டு வருஷமா ஓடுது. பேட்டரி ஒரே ஒரு தடவை மாத்தினேன்.

செம்புக்கம்பி எழுதியது:
அது எத்தனை நிமிஷத்துக்கு ஒருமுறை அளவு அனுப்புதுன்னு பாத்தீங்களா? பேட்டரியை மிச்சம் பிடிக்கறதுக்காகப் பல மாடல்கள் அளவு அரை டிகிரியோ ஒரு டிகிரியோ மாறினாத்தான் வாயைத் திறக்கும். நடுவுல சென்சார் செத்துப்போனாலும் டாஷ்போர்டுல பழைய எண் அப்படியே நிக்கும். நிஜமாவே 30 டிகிரியா, இல்ல நேத்து அனுப்பின 30-ஆன்னு தெரியாது. கடுங்குளிர் இடமா இருந்தா சிஆர்2032 பேட்டரியோட வோல்டேஜும் சரியும்.

அலைவரிசை எழுதியது:
கம்பி மட்டும் பொய் சொல்லாதா? டிஎஸ்18பி20-க்குக் கரண்ட் வந்ததும் முதல்ல காட்டற எண் 85. 12 பிட் (முழு நுணுக்கமான) அளவீட்டுக்கு முக்கால் செகண்ட் ஆகும், அதுக்குள்ள படிச்சா அந்த 85-தான் கையில வரும். அதை வடிகட்டாம விட்டா ஃபேன் நடுராத்திரியில நிக்கும். போதாததுக்குச் சந்தையில டூப்ளிகேட் சிப்பு ஏராளம். எஃகுக் குழாய்க்குள்ள என்ன இருக்குன்னு உடைச்சாத் தெரியும். பழைய எண் நிக்கறதுக்கு மருந்து இருக்கு. கடைசியா எப்போ பேசிச்சுன்னு ஹோம் அசிஸ்டன்ட்லயே பாத்து, ஒரு மணி நேரம் தாண்டினா ஃபேனை நிறுத்துன்னு ஒரு வரி சேத்தாப் போதும்.

மரப்பெட்டி எழுதியது:
எதுக்கு சென்சார்? இணையத்துல இலவசமா வானிலைத் தகவல் கிடைக்குதே, அதையே எடுத்துக்கலாமே.

அலைவரிசை எழுதியது:
அது பல கிலோமீட்டர் கட்டத்துக்குக் கணக்குப் போட்ட மாடல் எண். இவருக்குத் தேவை தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே இருக்கற காத்து. உள்ளுக்கும் வெளிக்கும் ஒண்ணு ரெண்டு டிகிரி வித்தியாசத்துல முடிவெடுக்கற வேலைக்கு அது உதவாது.

நிழல்தேடி எழுதியது:
நண்பர்களே, ரெண்டு பேரும் சிப்பைப் பத்தியே பேசறீங்க. கேட்டவர் கடைசி வரியில சொன்னதை யாரும் கவனிக்கலை. மேற்குச் சுவர், ஃபேனுக்குப் பக்கத்துல. அங்கே எந்த சென்சார் வச்சாலும் ஆட்டோமேஷன் கெட்டுப்போகும்.

மத்தியானத்துலிருந்து வெயில் வாங்கின செங்கல் சுவர், பொழுது சாய்ஞ்ச பிறகும் பல மணி நேரம் சூட்டைக் கக்கிக்கிட்டே இருக்கும். ராத்திரி ஏழு மணிக்கு அந்தச் சுவர்ல உள்ளங்கையை வச்சுப் பாருங்க, புரியும். உங்களுக்குத் தேவைப்படற அந்த நேரத்துலதான் சென்சார் காத்தை அளக்காம சுவரை அளந்துக்கிட்டிருக்கும். இன்னொண்ணு, ஃபேன் ஓட ஆரம்பிச்சதும் வீட்டுக்குள்ள இருக்கற சூடான காத்து நேரா சென்சார் மேல அடிக்கும். வெளியே சூடுன்னு நினைச்சு ஃபேன் நிக்கும். பத்து நிமிஷத்துல சென்சார் ஆறும், மறுபடி ஓடும். ராத்திரி முழுக்க இதே கதை.

1860-களிலேயே இதுக்கு வழி கண்டுபிடிச்சாச்சு. தாமஸ் ஸ்டீவன்சன்னு ஒரு கலங்கரை விளக்கப் பொறியாளர் வடிவமைச்ச, சாய்வுப் பட்டை வச்ச வெள்ளைப் பெட்டியைத்தான் வானிலை நிலையங்கள் இன்னிக்கும் பயன்படுத்துது. வெயில் படக்கூடாது, மழை படக்கூடாது, காத்து மட்டும் புகுந்து போகணும். உலக வானிலை அமைப்பு சொல்ற உயரம் தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர்.

வீட்டுல செய்யணும்னா பூந்தொட்டிக்கு அடியில வைக்கற வெள்ளை பிளாஸ்டிக் தட்டு ஆறேழு வாங்குங்க. மேல்தட்டை முழுசா விட்டுட்டு மத்ததோட நடுவுல வட்டமா வெட்டுங்க. மூணு நீள போல்ட்டுல கோத்து, தட்டுக்குத் தட்டு ரெண்டு விரல் இடைவெளி விட்டுக் கவிழ்த்து அடுக்குங்க. நடுக்குழியில சென்சார் தொங்கணும், தட்டுல ஒட்டக்கூடாது. வெயில் விழாத பக்கமா, சுவரை விட்டு அரை மீட்டராவது தள்ளி மாட்டுங்க. சீல் பண்ணின ஐபி67 டப்பாவுக்குள்ள மட்டும் சென்சாரை அடைச்சிடாதீங்க, டப்பாவோட சூட்டைத்தான் அது சொல்லும்.

செம்புக்கம்பி எழுதியது:
இதை ஒத்துக்கறேன், இடம்தான் முதல்ல. ஆனா சுவரை விட்டுத் தள்ளி மாட்டறதுக்கும் என் கம்பிதான் தோது. மூணு மீட்டர் நீளத்தோடயே கிடைக்குது. கம்பி சுவருக்குள்ள நுழையற இடத்துக்கு முன்னாடி கீழே ஒரு வளைவு விட்டா மழைத் தண்ணி அங்கேயே சொட்டிடும்.

நீராவி எழுதியது:
வெப்பநிலையை மட்டும் வைத்து ஃபேனை ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வெளியே 24 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். உள்ளே 29 டிகிரி, 60 சதவீதம் என்று வையுங்கள். எண்ணைப் பார்த்தால் வெளிக்காற்று குளிர்ச்சி. பனிநிலையை, அதாவது காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலையை, கணக்கிட்டால் வெளியே சுமார் 22.3, உள்ளே 20.4. அதாவது ஃபேன் ஓட ஓட வீட்டுக்குள் ஈரம்தான் சேரும். துணியும் சுவரும் அதை உறிஞ்சிக்கொள்ளும். டிஎஸ்18பி20-க்கு ஈரப்பதம் அளக்கத் தெரியாது. எஸ்எச்டி31 போன்ற சென்சார் இரண்டையும் அளக்கும். வெப்பநிலைப் பிழை பொதுவாக 0.2 டிகிரிதான். ஈஎஸ்பி போர்டுக்கு ஒட்டினாற்போல் மட்டும் வைக்காதீர்கள். போர்டின் சூடு ஒன்றிரண்டு டிகிரியைக் கூட்டிவிடும்.

செம்புக்கம்பி எழுதியது:
எஸ்எச்டி31-ஐப் போர்டோட இணைக்கற ஐ2சி கம்பி ஒரு மீட்டர் தாண்டினாலே தகராறு. அப்போ போர்டையே வெளியே கொண்டுபோகணும்.

நிழல்தேடி எழுதியது:
கீழ்க்காற்று, எதை வாங்கினாலும் மாட்டறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்ங்க. உள்ளே வைக்கறது, வெளியே வைக்கறது ரெண்டையும் ஒரே அட்டைப்பெட்டிக்குள்ள ஒரு ராத்திரி மூடி வைங்க. காலையில ரெண்டும் ஒரே எண்ணைக் காட்டணும். காட்டலைன்னா வித்தியாசத்தை ஒண்ணுல கழிச்சிடுங்க. உங்களுக்கு வேணும்கறது சரியான டிகிரி இல்லை, ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம். ஃபேனும், வெளியே உள்ளேயைவிட 1.5 டிகிரி குளிர்ந்தா ஓடணும், வித்தியாசம் அரை டிகிரிக்கு வந்தா நிக்கணும். ரெண்டுக்கும் ஒரே எண் வச்சா எல்லையில நின்னு தடுமாறும்.

கீழ்க்காற்று எழுதியது:
எல்லாருக்கும் நன்றி. அதே ஜிக்பீ சென்சார் ரெண்டு வாங்கினேன். ஹால்ல இருக்கறதையும் சேத்து மூணையும் அட்டைப்பெட்டியில வச்சதுல ஒண்ணு மட்டும் 0.7 அதிகம் காட்டிச்சு, கழிச்சிட்டேன். அப்புறம் ஒண்ணை மேற்குச் சுவர்ல டேப் போட்டும், இன்னொண்ணைப் பின்பக்கம் நிழல்ல கம்பத்துல, தட்டு அடுக்குக்குள்ளயும் வச்சேன். நேத்து ராத்திரி 7 மணிக்கு உள்ளே 31.0. மேற்குச் சுவர் 33.1, பின்பக்கம் 29.3. சுவர் சென்சார் உள்ளறையைவிட இறங்கறதுக்கு மணி 9.40 ஆச்சு. அதை நம்பியிருந்தா ரெண்டரை மணி நேரம் சும்மா புழுங்கியிருப்போம். பின்பக்கத்தையே வச்சுக்கறேன். பனிநிலைக் கணக்கையும் ஆட்டோமேஷன்ல சேத்துட்டேன்.

செம்புக்கம்பி எழுதியது:
நல்ல வேலை. ஆனா அந்த சென்சாருக்கு ஐபி ரேட்டிங் இல்லைங்கறது மாறலை. மழைக்காலம் முடிஞ்சதும் ஈரப்பத வரைபடத்தை இங்கே போடுங்க. வெயில் அடிக்கற பகல்லயும் 99-லயே நிக்குதுன்னா உள்ளே தண்ணி தங்கிடுச்சுன்னு அர்த்தம். அப்போ கம்பி இழுக்கறதுக்கு நான் கூட இருந்து சொல்லித் தர்றேன்.