கிட்டாரும் குரலும் மட்டும்: வீவக படுக்கையறையில் முதல் ஆல்பம் பதிவுசெய்வது எப்படி?

தந்தி6:

வணக்கம். சொந்தமா எழுதி மெட்டமைச்ச 9 தமிழ்ப் பாட்டு கையில இருக்கு. ஸ்டீல் தந்தி அக்கூஸ்டிக் கிட்டார், குரல், அவ்வளவுதான். தபேலா, கீபோர்டு எதுவும் சேராது. பெரும்பாலும் தெம்மாங்குச் சாயல், ரெண்டு தாலாட்டு. இடம் சிங்கப்பூர்ல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நாலறை வீட்டுப் படுக்கையறை, 3 மீட்டருக்கு 3 மீட்டர், டைல்ஸ் தரை. பெரிய டயஃப்ரம் (ஒலியை வாங்குற சவ்வு) கண்டென்சர் மைக் ஒன்று, சின்ன டயஃப்ரம் ஒன்று, ரெண்டு இன்புட் இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியில சேர்க்கிற பெட்டி).

சோதனைப் பதிவில் மூணு சிக்கல். கிட்டார் குடத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி "உம்"முனு கேட்குது. வரியோட கடைசிச் சொல் காணாமப் போகுது. ஏர்கானை நிறுத்திட்டுப் பாடினா மூணாவது டேக்குக்குள்ள (ஒரு தடவைப் பதிவு ஒரு டேக்) சுருதி இறங்கிடுது. ஸ்டூடியோவுக்கு ஒரு நாள் செலவு மட்டும் தாங்கும். அந்த ஒரு நாளை எதுக்கு வச்சுக்கலாம்?

மரப்பலகை:

குடத்துச் சத்தம்னாலே மைக் ஒலித்துளையைப் பார்த்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். கிட்டார் வயித்துக்குள்ள இருக்கிற காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கத்துல அதிரும், துளை வழியா அது அப்படியே மைக்ல வந்து விழும். கார்டியாய்டு மைக்கை (முன்பக்கச் சத்தத்தை மட்டும் நல்லா வாங்குறது) கிட்ட வச்சா அடிச்சத்தம் (பாஸ்) இன்னும் ஏறும். சின்ன டயஃப்ரம் மைக்கை 12ஆவது ஃப்ரெட்டுக்கு (கிட்டார் கழுத்துல இருக்கிற குறுக்குக் கம்பி) நேரா, 25-30 செ.மீ. தள்ளி வைங்க. வேற யாரையாவது வாசிக்கச் சொல்லிட்டு, ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு மைக்கை ரெண்டு விரல்கடை அகலம் நகர்த்தி நகர்த்திக் கேளுங்க. அந்த ரெண்டு விரல்கடையில கிடைக்கிறது எந்த ஈக்யூவிலயும் (அடிச்சத்தம், மேல்சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி) கிடைக்காது.

அறையும் உங்களுக்கு எதிரா வேலை செய்யுது. எதிரெதிர் சுவர் 3 மீட்டர்னா 57, 115 ஹெர்ட்ஸ்ல அலை அடைபட்டு நிக்கும். அந்த 115, அறை நட்டநடுவுல உச்சத்துல இருக்கும். கிட்டாரோட 100ம் அதுவும் பக்கத்துப் பக்கத்துல இருக்கிறதால ரெண்டும் சேர்ந்து தூக்கும். நடுவுல உட்காராதீங்க, சுவத்துல இருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்காருங்க. மெத்தையை நிமிர்த்தி உங்க முதுகுக்குப் பின்னாடி வைங்க. மைக்குக்குப் பின்னாடி ஃபோம் ஒட்டுறது பலரும் செய்ற தப்பு. கார்டியாய்டு மைக் கேட்கிறது உங்களையும் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கிற சுவரையும்தான். 2-3 செ.மீ. ஃபோம் மேல்சத்தத்தை மட்டும் தின்னுட்டு "உம்"மை அப்படியே விட்டுடும். தரையில கம்பளமோ தடிச்ச போர்வையோ கட்டாயம்.

ஸ்டூடியோ நாளை மிக்ஸிங்குக்கு (பதிஞ்ச குரலையும் கிட்டாரையும் அளவு பார்த்துக் கலக்குறது) வச்சுக்குங்க. இந்த அறையில அடிச்சத்தம் எவ்வளவுன்னு உங்க காது சரியாச் சொல்லாது.

சொல்லேர்:

கடைசிச் சொல் மறைவது தமிழ்ப் பாட்டுக்கே உரிய தொல்லை. நம் வரிகள் பெரும்பாலும் ன், ம், ல், ள் என்று முடிகின்றன. "வந்தேன்" என்று பாடிப் பாருங்கள். "தே"யில் வாய் திறந்திருக்கிறது. "ன்" வரும்போது வாய்வழி அடைபட்டு, ஒலி மூக்கு வழியே மெலிதாக வெளியேறுகிறது. மூக்கொலியின் பலமெல்லாம் 250-300 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கும். கிட்டாரின் மூன்றாம், இரண்டாம் தந்திகள் திறந்த நிலையில் 196, 247 ஹெர்ட்ஸ். அந்த நொடியில் ஆறு தந்தியையும் அள்ளி அடித்தால் "வந்தே" மட்டுமே மிஞ்சும்.

மருந்தை முதலில் வாசிப்பில் தேடுங்கள். வரி முடியும் இடத்தில் பாஸ் தந்தியை மட்டும் தொட்டுவிட்டு, மெய்யெழுத்து அடங்கியபின் ஸ்ட்ரம் செய்யுங்கள். அதன்பிறகு மிக்ஸில் கிட்டாரை 250 ஹெர்ட்ஸ் பக்கம் 2-3 டெசிபெல் குறைக்கலாம். குரலுக்கு 2:1 அல்லது 3:1 கம்ப்ரஷன் (உரத்த இடங்களை மட்டும் தணிப்பது), 3-4 டெசிபெல் இறங்கினால் போதும். மீதியைக் கையாலேயே செய்யுங்கள்: ஒவ்வொரு வரியின் கடைசி அசையையும் வால்யூம் ஆட்டமேஷனில் (இடத்துக்கு இடம் ஒலியளவைக் குறித்துவைக்கும் வசதி) 2-3 டெசிபெல் உயர்த்துங்கள். ஒன்பது பாட்டுக்கும் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை, ஆனால் சொல்லுக்காகக் கேட்கப்படும் பாட்டுக்கு இதைவிட முக்கியமான வேலை கிடையாது. நாய்ஸ் கேட் (மெல்லிய ஒலியை அறுத்துவிடும் கருவி) வேண்டவே வேண்டாம், அது முதலில் அறுப்பது இந்த மெய்யெழுத்தைத்தான். டி-எஸ்ஸரையும் (ச, ஸ ஒலிகளின் சீற்றத்தைக் குறைக்கும் கருவி) அளவாகப் போடுங்கள். அதிகமானால் "ஆசை" மழலைபோல் "ஆதை"க்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

ரீங்காரம்:

சுருதி இறங்குறதுக்குக் காரணம் வெப்பம். ஏர்கான்ல தந்தி குளிர்ந்து இறுகி இருக்கும்போது சுருதி சேர்க்கிறீங்க. நிறுத்தினதும் அறை சூடாகுது, தந்தி தளருது, சுருதி இறங்குது. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னாடி டியூன் பண்ணுங்க. அறையை 15-20 நிமிஷம் குளிர வச்சு, நிறுத்தி, ரெண்டு டேக், மறுபடி குளிர்ச்சி. கிட்டாரை ஒரு மணி நேரம் முன்னாடியே அறைக்குள்ள கொண்டுவந்து வைங்க.

ஈரப்பதத்தையும் கவனிங்க. கிட்டாருக்கு 45-55 விழுக்காடு நல்லது, நம்ம ஊர்ல வெளியில 80 சர்வசாதாரணம். பலகை ஊதி எழும்பினா 12ஆவது ஃப்ரெட்ல தந்தி உயர்ந்து, விரல் அழுத்தும்போதே சுதி கூடிப்போகும், சத்தமும் மந்தமாகும். பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல்லும் ஒரு ஈரப்பதமானியும் போடுங்க. புதுத் தந்தியைப் பதிவுக்கு ரெண்டு நாள் முன்னாடி மாட்டி, தினம் ஒரு மணி நேரம் வாசிங்க. அன்னைக்கே மாட்டினா விரல் வழுக்குற கீச்சுச் சத்தம் எல்லா டேக்லயும் இருக்கும்.

நேரம்: வார நாள்ல 9 மணியிலிருந்து 5 மணி வரை எந்த மாடியிலும் சுவர் உடைக்கலாம். ஞாயிறு, பொது விடுமுறைகள்ல புதுப்பிப்பு வேலையே கூடாது. ஞாயிறு முற்பகல் தோது. விடியற்காலை அமைதியா இருக்கும்னு நம்பாதீங்க, குயில் விடாது. ஒவ்வொரு டேக் முடிவிலயும் 10 வினாடி சும்மா அறைச் சத்தத்தைப் பதிவு பண்ணுங்க, வெட்டி ஒட்டும்போது அதுதான் இடைவெளியை நிரப்பும்.

தந்தி6:

மிக்க நன்றி. பாடிக்கிட்டே வாசிக்கிறதா, தனித்தனியாப் பதிவு பண்றதா?

மரப்பலகை:

தெம்மாங்குன்னா சேர்த்துத்தான். தனியாப் பதிஞ்சா குரல் கிட்டாரோட தாளத்துக்குக் கட்டுப்பட்டுடும், இழுத்துப் பாடுற அழகு போயிடும். சொல்லேர் சொன்ன மாதிரி மெய்யெழுத்து அடங்கினப்புறம் அடிக்கிறதும் சேர்ந்து பாடினாத்தான் கைக்கு வரும்.

ஆனா ரெண்டு மைக்குக்கும் ஒரே குரல் முன்பின்னா போய்ச் சேரும். தூர வித்தியாசம் 35 செ.மீ.ன்னா ஒரு மில்லிவினாடி தாமதம், 500 ஹெர்ட்ஸ்ல பள்ளம் விழும், குரல் டப்பாவுக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆகும். குரல் மைக்கை வாய்க்கு 15 செ.மீ.யில, அதோட முதுகு கிட்டாரைப் பார்க்கிற மாதிரி கீழிருந்து மேல் நோக்கிச் சாய்ச்சு வைங்க. கிட்டார் மைக்கோட முதுகு வாயைப் பார்க்கணும். பதிவு மென்பொருள்ல 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வைங்க, உச்சம் -10 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம். தாலாட்டையும் தெம்மாங்கையும் ஒரே கெயின்ல (மைக் ஒலியை ஏத்துற அளவு) பதியாதீங்க.

சொல்லேர்:

மிக்ஸ் முடிந்ததும் ஒன்பது பாட்டையும் ஒவ்வொன்றாக -14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காது உணரும் சராசரி உரப்பின் அலகு) ஏற்ற வேண்டாம், தாலாட்டு தெம்மாங்கு அளவுக்குக் கத்தும். ஆல்பத்தை வரிசையாக ஓடவிட்டு, பாட்டுக்குப் பாட்டு குரலின் உயரம் ஒட்டுகிறதா என்று காதால் பாருங்கள். ஆல்பமாகக் கேட்கும்போது ஸ்பாட்டிஃபை இந்த ஏற்றத்தாழ்வைக் கலைப்பதில்லை. ட்ரூ பீக் (ஒலியின் உண்மையான உச்சம்) -1 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம்.

ஸ்டூடியோவோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். சிங்கப்பூரின் 2021 பதிப்புரிமைச் சட்டத்துக்குப்பின் காசு கொடுத்தவருக்கே ஒலிப்பதிவின் உரிமை என்று எண்ணிக்கொள்ள முடியாது. மிக்ஸிங்குக்கு மட்டும் போனாலும் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள், கூடவே தனித்தனி டிராக் கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள்.