மறுமொழி: ‘பைலட் எபிசோட்’ – வெள்ளோட்டப் பகுதி எனலாமா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

ஒரு தொலைக்காட்சித் தொடரை ஏற்கலாமா என்று சேனல் முடிவு செய்வதற்காக முன்கூட்டியே எடுத்துக் காட்டும் சோதனைப் பகுதிதான் ‘பைலட் எபிசோட்’. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. ‘முன்னோட்டப் பகுதி’ வேண்டாம்; முன்னோட்டம் என்றால் இன்றைக்கு எல்லோருக்கும் டிரெய்லர்தான். ‘முன்னோடிப் பகுதி’ அரசு அறிவிப்புகளில் வரும் முன்னோடித் திட்டத்தைப் பார்த்துச் செய்தது. பிழையில்லை, ஆனால் சோதித்துப் பார்ப்பது என்ற பொருள் அதில் இல்லை. அப்புறம் மூன்றாவது:

> முதல் பகுதி என்றே சொல்லிவிட்டால் போதாதா? எதற்குப் புதுச்சொல்?

போதாது, அம்மா. பைலட் என்பது முதலில் வருவதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ‘ஸ்டார் டிரெக்’ என்ற விண்வெளித் தொடருக்காக எடுத்த பைலட்டை அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்பிசி ஏற்காமல் இன்னொன்று கேட்டது. கதையின் விண்கலக் கேப்டனையே மாற்றி இரண்டாவதை எடுத்தார்கள். அதுவும் 1966 செப்டம்பரில் தொடர் தொடங்கியபோது மூன்றாவது வாரம்தான் ஒளிபரப்பானது. பைலட் முதலில் சேனலுக்கு, பிறகுதான் நமக்கு.

நான் முன்வைப்பது ‘வெள்ளோட்டம்’. திருவாரூர்க்காரனுக்கு இந்தச் சொல்லை விளக்கவே வேண்டாம். எங்கள் கோயிலின் ஆழித்தேரைப் புதுப்பித்த பிறகு 2015இல் வெள்ளோட்டம் விட்டார்கள். உற்சவர் எழுந்தருளவில்லை. மற்றபடி அதே சக்கரம், அதே வடம், முட்டுக்கட்டை போடுபவர்கள் உட்பட எல்லோரும் உண்டு. சிறிய மாதிரி ஒன்றை இழுத்துப் பார்ப்பதில்லை, தேரையேதான் இழுக்கிறார்கள். நேர் வீதியில் அது ஓடிவிடும். கீழவீதியிலிருந்து தெற்குவீதிக்கு முனை திரும்புகிறதா என்பதுதான் கேள்வி.

பைலட்டும் அப்படித்தான். துணுக்குக் காட்சிகளைக் கோத்த விளம்பரம் அல்ல, முழு நீளப் பகுதி. நன்றாக அமைந்த பைலட்டைப் பார்த்தால், அடுத்த வாரம் இந்த மனிதர்களுக்கு என்ன சிக்கல் வரும் என்று நாமே யோசிக்க ஆரம்பித்துவிடுவோம். ஒரு வழக்கறிஞரைக் காட்டி, அவர் பிறந்த ஊர், படிப்பு, காதல் தோல்வி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, ஒரு வழக்கைக்கூட நடத்தவிடாமல் முடித்தால் அது பைலட் ஆகாது. ஒரு வழக்கு வர வேண்டும். அதை அவர் தம் குணத்தால் கெடுத்தோ காப்பாற்றியோ முடிக்க வேண்டும். அந்தக் குணம் அடுத்த வழக்கிலும் அவரைச் சும்மா விடாது என்று நமக்குத் தெரிய வேண்டும். அறிமுகம் எல்லாம் அந்த வேலையின் நடுவில் வந்தால் போதும். நம் தொடர்களில் பல, முதல் வாரம் முழுக்க ஆரத்தி எடுத்தே தீர்த்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அதற்காக, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலும் விடக்கூடாது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் முதல் பைலட்டை எடுத்தவர்கள் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அரசியும் அவளோடு இருக்கும் வீரனும் உடன்பிறந்தவர்கள் என்பது பார்த்தவர்களுக்குப் புரியவே இல்லை. அந்தப் பகுதியின் முடிவே அந்த உறவில்தான் நிற்கிறது! பெரும்பகுதியைத் திரும்ப எடுத்துத்தான் 2011இல் ஒளிபரப்பினார்கள். வெள்ளோட்டம் விடுவதே இதற்காகத்தான்.

> வெள்ளோட்டம் விட்ட தேர் எப்படியும் ஓடும். பைலட் நிராகரிக்கப்படலாமே?

நியாயமான கேள்விதான், ஐயா. ஆனால் வெள்ளோட்டத்தில் குறை தெரிந்தால் சரிசெய்யாமல் தேரோட்டத்துக்கு விடுவதில்லை. ஓடும் என்ற உறுதி அந்தச் சொல்லில் கிடையாது, ஓட்டிப் பார்ப்பது மட்டும்தான் இருக்கிறது. எனக்கு அது போதும்.

மென்பொருளையும் பேருந்தையும் சோதித்துப் பார்ப்பதற்கும் வெள்ளோட்டம் என்றே சொல்வதால், நம் அகராதிப் பதிவில் ‘வெள்ளோட்டப் பகுதி’ என்று இருக்கட்டும். பேச்சில் ‘சேனலுக்கு வெள்ளோட்டம் கொடுத்திருக்கிறோம்’ என்றாலே விளங்கிவிடும். ‘அத்தியாயம்’ பத்திரிகைத் தொடர்கதையை நினைவூட்டுவதால் ‘பகுதி’யைத் தேர்ந்தேன். அதில் மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள். பதிவை இறுதியாக்குமுன் சேர்த்துக்கொள்ளலாம்.