புதுப்பிப்பு: நீங்கள் படிக்கச் சொன்ன புத்தகங்கள், மூன்று மாதம் கழித்து

பேக்கிங் பிரிவில் 11 பேருக்குப் பொறுப்பாகப் போட்டுவிட்டார்கள், நேரமே போதவில்லை, எதைப் படிக்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பீட்டர் டிரக்கர் 1967இல் எழுதிய 'தி எஃபெக்டிவ் எக்ஸிக்யூட்டிவ்'தான் கைகொடுத்தது. திட்டம் போடுவதற்கு முன்னால், நேரம் எங்கே போகிறது என்று எழுதிப் பார்க்கச் சொல்கிறார். சரி என்று ஒரு நோட்டில் அரைமணிக்கு ஒரு வரி எழுதினேன். இரண்டாவது வாரம் புரட்டினால், "அட்டைப்பெட்டி வந்துச்சா?", "ஸ்டிக்கர் எங்க?" என்ற கேள்விகளிலேயே தினமும் ஒன்றரை மணி நேரம் போயிருக்கிறது! இப்போது காலை எட்டரைக்குள் அன்றைய சரக்கு விவரத்தைப் பலகையில் எழுதிவிடுகிறேன். கேள்விகள் பாதியாகிவிட்டன.

டேவிட் ஆலனின் 'கெட்டிங் திங்ஸ் டன்' இன்னும் பாதிதான். இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலையை அப்போதே முடித்துவிடு என்ற விதி மட்டும் ஒட்டிக்கொண்டது.

அப்புறம், ஒருவர் திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தைச் சொல்லியிருந்தார். பத்தே குறள். 517ஆவது குறளில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். இந்த வேலையை இந்த வழியில் இவர் முடிப்பார் என்று ஆராய்ந்து, அதை அவரிடமே விட்டுவிடச் சொல்கிறார் வள்ளுவர். அந்த விட்டுவிடுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. லேபிள் சரிபார்ப்பை மூத்த அக்கா ஒருவரிடம் முழுசாக ஒப்படைத்தேன். முதல் மூன்று நாள் அவர் பின்னாலேயே போய் நின்றேன். நான்காம் நாள் போகவில்லை. இதுவரை ஒரு பெட்டிகூடத் திரும்பி வரவில்லை.