வறண்ட காலநிலையில் தோட்டத்துக்குக் குறைந்த செலவில் நீர் பாய்ச்சுவது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஆண்டின் பெரும்பகுதி மழையே எட்டிப் பார்க்காத, கோடையில் வெயிலோடு காற்றும் சேர்ந்துகொள்ளும் ஓரிடத்தில், ஏறத்தாழ 40 சதுர மீட்டர் பரப்பில் காய்கறித் தோட்டமும் அதன் ஓரத்தில் மூன்று இளம் பழமரங்களும் வளர்த்து வருகிறேன். குழாயில் நீர் விட்டுவிட்டுத்தான் வருகிறது. வரும் நீருக்கும் அளவு பார்த்துக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கிறது. நாள்தோறும் மாலையில் ரப்பர் குழாயைப் பிடித்துப் பாத்தி முழுவதையும் நனைத்து விடுகிறேன். அப்படியும் மறுநாள் நண்பகலுக்குள் செடிகள் வாடித் தலை தொங்குகின்றன. மேல்மண் பாளம் பாளமாக இறுகி விடுகிறது.

நேரம் வைத்துத் தானாகத் திறந்து மூடும் சொட்டுநீர்த் தொகுப்பை வாங்கும்படி பலரும் சொல்கிறார்கள். அதற்கும் அதை இயக்கும் மோட்டாருக்கும் சேர்த்துச் செலவிடும் நிலையில் நான் இல்லை. கையில் இருக்கும் சிறு தொகையை முதலில் எதில் போடுவது பயன் தரும்? மேடை மீது தொட்டி வைத்து, மோட்டார் இல்லாமலே சொட்டுநீர் பாய்ச்ச முடியுமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

எதையும் வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வழக்கம்போல் மாலையில் நீர் பாய்ச்சிவிட்டு, மறுநாள் காலையில் ஏதாவது ஒரு செடிக்குப் பக்கத்தில் கைக்கொத்தால் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டிப் பாருங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், மேலே இரண்டு விரற்கடை மண் மட்டும் கருத்து ஈரமாக இருக்கும். அதற்குக் கீழே வெளுத்துப் பொடிந்து உதிரும் மண்தான் இருக்கும். சல்லி வேர்கள் எல்லாம் அந்த ஈரமான மேலடுக்குக்குள்ளேயே பின்னிக் கிடப்பதையும் காண்பீர்கள். முற்பகல் வெயில் முதலில் உலர்த்துவது அந்த அடுக்கைத்தான் என்பதால், நாள் தவறாமல் நீர் ஊற்றியும் செடிகள் நண்பகலில் வாடுகின்றன. அதே நீரை வாரத்துக்கு இரண்டு, மூன்று தவணைகளாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் ஒரு முழம் ஆழம் வரை இறங்குமாறு மெதுவாகக் கொடுத்தால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். ஆழம் பார்க்க ஒரு மெல்லிய இரும்புக் கம்பி போதும்: ஈரம் உள்ள வரை கம்பி எளிதாக இறங்கும், உலர்ந்த மண்ணைத் தொட்டதும் நின்றுவிடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை மண்தான் முடிவு செய்கிறது. ஒரு மீட்டர் ஆழ மணற்பாங்கான மண், செடி உறிஞ்சக்கூடிய நீராக ஏறத்தாழ 25 முதல் 100 மில்லிமீட்டர் வரைதான் வைத்திருக்கும். மணலும் வண்டலும் களியும் கலந்த நடுத்தர மண் 100 முதல் 175 வரையும், களிமண் 175 முதல் 250 வரையும் வைத்திருக்கும். காய்கறிகளின் வேர்ப்பகுதியை 30 சென்டிமீட்டர் என்று கொண்டால், நடுத்தர மண்ணில் சுமார் 45 மில்லிமீட்டர் நீர் சேமிப்பில் இருக்கும். அதில் பாதி தீர்ந்ததும் மறுபடி பாய்ச்சுவது நல்லது. கடும் வெயிலில் நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் செலவாகிறது என்றால் மூன்று, நான்கு நாள் தாங்கும். மணற்பாங்கான மண்ணில் இந்தக் கணக்கு ஒன்றரை நாளிலேயே முடிந்துவிடும். ஆகவே அங்கே ஒரே தடவையில் நிறைய ஊற்றினால் அது வேரைத் தாண்டிக் கீழே போய் வீணாகிவிடும். கொஞ்சமாக, அடிக்கடி கொடுப்பதுதான் அங்கே சிக்கனம். மக்கிய தொழுவுரத்தை ஆண்டுதோறும் சேர்த்து வந்தால் இந்தத் தாங்குதிறன் படிப்படியாகக் கூடும்.

அடுத்தது பரப்பளவு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் ஒரு லிட்டர். நாற்பது சதுர மீட்டரையும் நனைத்தால் நாளுக்கு 240 லிட்டர் வேண்டும். ஆனால் 60 சென்டிமீட்டர் அகலத்துக்குப் படர்ந்த ஒரு செடியின் நிழல் விழும் பரப்பு 0.28 சதுர மீட்டர்தான். அதற்கு நாளுக்கு 1.7 லிட்டர் போதும். அப்படிப்பட்ட செடிகள் ஐம்பது இருந்தாலும் 85 லிட்டருக்கு மேல் ஆகாது. மீதி நீர் முழுவதும் வரப்புக்கும் நடைபாதைக்கும் களைகளுக்கும்தான் போய்க்கொண்டிருக்கிறது. எனவே செடியின் அடியில் மட்டும் நீர் விழுமாறு செய்வதே உங்களுக்கு உடனடியாகக் கிடைக்கக்கூடிய பெரிய சேமிப்பு.

உங்கள் கையில் இருக்கும் தொகையை முதலில் மூடாக்கில் போடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. வைக்கோல், காய்ந்த சருகு, மரச்சீவல், வெட்டிய புல் என எது கிடைத்தாலும் நன்றாக நீர் பாய்ச்சிய பிறகு 5 முதல் 10 சென்டிமீட்டர் தடிமனில் மண்ணின் மேல் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் தண்டு அழுகும். உலர்ந்த மண்ணின் மேல் மூடாக்குப் போட்டால், சிறு தூறலும் சிறு அளவில் ஊற்றும் நீரும் அதிலேயே தங்கிப் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் மண் பாளமாக இறுகுவதும் மூடாக்குப் போட்ட பிறகு குறையும். பாத்திகளை மேடாக அமைக்காமல் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே குழிவாக அமைப்பதும் வறண்ட நிலத்துக்கு ஏற்றது. மேட்டுப் பாத்தி நீரை வடித்துவிடும், காற்றுக்கும் விரைவில் உலரும்; அது மழை மிகுந்த நிலத்துக்கு உரியது.

மறுமொழி 2

முந்தைய நண்பர் சொன்னதை முழுவதுமாக ஏற்கிறேன். மேடைத் தொட்டியைப் பற்றிய உங்கள் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

முடியும். ஆனால் எந்தச் சொட்டுவானை (குழாயில் பொருத்தும், நீரைச் சொட்டுச் சொட்டாக விடும் சிறு முனையை) வாங்குகிறீர்கள் என்பதில்தான் காரியமே இருக்கிறது. தொட்டியின் நீர்மட்டம் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.1 பார் மட்டுமே. அழுத்தத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் வகைச் சொட்டுவான்கள் ஒழுங்காக வேலை செய்யப் பெரும்பாலும் அரை பார் முதல் ஒரு பார் வரை வேண்டும். விலை கூடுதலான அந்த வகையை வாங்கித் தாழ்வான தொட்டியோடு இணைத்தால் நீர் சரியாகவே வராது. உங்களுக்கு ஏற்றவை திருகிக் கூட்டிக் குறைக்கும் சாதாரணச் சொட்டுவான்கள், அல்லது குறைந்த அழுத்தத்துக்கென்றே வரும் மெல்லிய சொட்டுக் குழாய்கள். பெட்டியில் மணிக்கு 4 லிட்டர் என்று அச்சிட்டிருந்தாலும் இந்த அழுத்தத்தில் அவ்வளவு வராது. ஒரு குவளையை அடியில் வைத்து, பத்து நிமிடத்தில் எவ்வளவு சேர்கிறது என்று அளந்து, அதை ஆறால் பெருக்கிக்கொள்ளுங்கள். அதைக் கொண்டுதான் எத்தனை மணி நேரம் திறந்து வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

கிளைக் குழாய்களைச் சமதரையில் ஓட்டுங்கள். ஒவ்வொன்றும் நீளம் குறைவாக இருக்கட்டும். தரை சரிவாக இருந்தால் முதன்மைக் குழாயைச் சரிவு வழியே இறக்கி, கிளைகளை அதற்குக் குறுக்காக, மட்டத்தில் பிரியுங்கள். ஒரு கையளவு மேடு கூட ஒரு மீட்டர் அழுத்தத்தில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். சொட்டுவான்களின் இடைவெளி மண்ணைப் பொறுத்தது. மணலில் நீர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்குவதால் 30 சென்டிமீட்டருக்கு ஒன்று தேவைப்படும். களிமண்ணில் 50, 60 சென்டிமீட்டருக்கு ஒன்று போதும்.

மோட்டாரில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியை வடிகட்டிக்குக் கொடுத்துவிடுங்கள். தொட்டி வாயிலுக்கு அடுத்து அங்குலத்துக்கு 120 கண்கள் கொண்ட வலை வடிகட்டி ஒன்று இல்லையென்றால் சொட்டுவான்கள் ஒவ்வொன்றாக அடைபடும். ஒரு செடி வாடிய பிறகுதான் அது நம் கண்ணில் படும். தொட்டி வெளிச்சம் ஊடுருவாத நிறத்தில் இருக்கட்டும், பாசி பிடிக்காது. ஒவ்வொரு கிளையின் கடைசி முனையையும் நிரந்தரமாக அடைக்காமல் மடித்துக் கட்டி வையுங்கள். அவ்வப்போது அவிழ்த்துவிட்டால் உள்ளே தங்கிய வண்டல் வெளியேறும். குழாய்களை மூடாக்கின் அடியில் ஓட்டினால் வெயிலில் வெடிப்பதும் குறையும்.

மறுமொழி 3

இளம் மரங்களுக்கும் இடைவெளி விட்டு நடும் கொடிகளுக்கும் நான் சொட்டுநீரைவிட மண்பானையையே பரிந்துரைப்பேன். மெருகு பூசாத, நன்றாகச் சுட்ட மண்பானையைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி, கொசு புகாமலும் ஆவியாகாமலும் வாயை மூடி வைக்க வேண்டும். சுற்றியுள்ள மண் உலர்ந்திருக்கும்போது அது பானையின் நுண்துளைகள் வழியே நீரை இழுத்துக்கொள்ளும். மண் ஈரமாக இருக்கும்போது கசிவு தானாகவே குறைந்துவிடும். வால்வும் இல்லை, மின்சாரமும் இல்லை. சீனாவில் பொ.ஊ.மு. முதல் நூற்றாண்டில் ஃபான் ஷெங்ஷி எழுதிய வேளாண் நூலிலேயே இந்த முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. சில மாதங்கள் கழித்து ஒரு பானையை எடுத்துப் பார்த்தால், அதன் வெளிப்புறம் முழுவதும் வெள்ளை வேர்கள் வலைபோல் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

குறைகளும் உண்டு. உப்பு மிகுந்த நீரில் நுண்துளைகள் நாளடைவில் அடைபடும். நெருக்கமாக விதைக்கும் கீரைக்கு இது கட்டுப்படியாகாது. மரம் வளர வளரப் பானையும் போதாது. அப்போது கிளைகளின் நிழல் முடியும் எல்லையை ஒட்டி வட்டப்பாத்தி எடுத்து நிதானமாக நீர் நிரப்ப வேண்டும். இரண்டு மீட்டர் அகலத்துக்குக் கிளை பரப்பிய மரத்துக்குக் கடும் கோடையில் வாரத்துக்கு 130 லிட்டர் வரை வேண்டியிருக்கும். தண்டின் அடியிலேயே ஊற்றினால் அதில் பெரும்பகுதி உறிஞ்சும் வேருக்குப் போய்ச் சேராது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இன்று காலை தோண்டிப் பார்த்தேன். சொன்னது போலவே மேல்மண் மட்டுமே ஈரமாக இருந்தது. மண் நடுத்தரமானதாகத் தெரிகிறது. மூடாக்கையும் வடிகட்டியோடு கூடிய மேடைத் தொட்டியையும் முதலில் செய்கிறேன், மரங்களுக்குப் பானை. இன்னும் இரண்டு ஐயங்கள். குளித்த நீரையும் துணி துவைத்த நீரையும் தோட்டத்துக்கு விடலாமா? எங்கள் குழாய்நீர் சற்று உவர்ப்பானது; பாத்தி ஓரங்களில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. சொட்டுநீருக்கு மாறினால் இது கூடுமா, குறையுமா?

மறுமொழி 1

குளித்த நீரை மரங்களுக்கு விடலாம். உங்கள் பகுதி விதிகள் அதற்கு இடம் தருகின்றனவா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அதை ஒரு நாளுக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது, நாற்றமெடுத்து நோய்க்கிருமிகளும் பெருகும். தெளிக்காமல் மூடாக்கின் அடியில் மண்ணுக்குள் இறங்குமாறு விடுங்கள். பச்சையாக உண்ணும் கீரைக்கும் கிழங்கு வகைகளுக்கும் வேண்டாம். சொட்டுக் குழாய்க்குள்ளும் விடாதீர்கள், முடியும் சோப்புப் படிவும் சேர்ந்து அடைத்துவிடும். துணி துவைத்த நீரில் நான் இன்னும் கவனமாக இருப்பேன். சலவைத்தூளில் உள்ள சோடியம் மண்ணின் கட்டமைப்பைக் குலைத்து, நீங்கள் இப்போது காணும் இறுக்கத்தை இன்னும் மோசமாக்கும். போரான் கலந்த தூளாக இருந்தால் செடிக்கே நஞ்சு. உங்கள் நீர் ஏற்கெனவே உவர்ப்பானது என்பதால் துவைத்த நீரைத் தவிர்த்துவிடுங்கள்.

உவர்ப்பைப் பொறுத்தவரை, நீரை ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்து, அதில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதைக் காட்டும் மின்கடத்துதிறனை அளந்துகொள்ளுங்கள். மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான காய்கறிகள் தாங்குவது கடினம். இடைப்பட்ட அளவென்றால் பாய்ச்சும் முறையால் சமாளிக்கலாம். சொட்டுநீரில் உப்பு மறைந்துவிடாது. ஈரம் பரவி நிற்கும் வட்டத்தின் விளிம்புக்குத் தள்ளப்பட்டு அங்கே சேரும். வேர் வட்டத்துக்குள்ளே இருக்கும் வரை செடிக்குத் தொல்லையில்லை. இரண்டு பாய்ச்சலுக்கு நடுவில் மண் முழுவதும் காய்ந்துவிட்டால் அந்த உப்பு மீண்டும் வேரை நோக்கி வரும்; ஆகவே உவர்நீர் உள்ளவர்கள் இடைவெளியை நான்கு நாளுக்கு இழுக்காமல் இரண்டு நாளாக வைத்துக்கொள்வது நல்லது. அவ்வப்போது வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் திறந்து வைத்து, உப்பை வேருக்குக் கீழே இறக்கிவிடவும் வேண்டும். களிமண்ணாக இருந்து நீர் வடியாவிட்டால் இது பலிக்காது, உங்கள் மண்ணில் பலிக்கும்.

நீண்ட வறட்சிக்குப் பிறகு சிறு தூறல் விழும்போது பலரும் மகிழ்ந்து குழாயை மூடிவிடுவார்கள். அந்தத் தூறல் விளிம்பில் சேர்ந்த உப்பைக் கரைத்து நேரே வேருக்குக் கொண்டு வருமே தவிர, கீழே இறக்கும் அளவுக்குப் போதாது. அன்றைக்குச் சொட்டுநீரைத் திறந்தே வையுங்கள். மண் ஒரு சாண் ஆழத்துக்கு நனையும் மழை பெய்த பிறகு மூடிக்கொள்ளலாம். கூரைநீரைப் பிடிக்க வசதி இருந்தால் அதையும் விடாதீர்கள்: 50 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை விழுந்தால், தூசியோடு வரும் முதல் நீரை வெளியே விட்ட பிறகும் 400 லிட்டர் அளவுக்கு உப்பில்லாத நீர் கிடைக்கும். அதை நாற்றுகளுக்கும் மண்பானைகளுக்கும் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.