பாட்டியைக் காப்பாற்றாத புலி: இது குழந்தைகளை ஏமாற்றும் முடிவா?

திண்ணை வாசகர்:
டே கெல்லரின் 'வென் யூ டிராப் எ டைகர்' 2021இல் நியூபெரி பதக்கம் பெற்ற சிறுவர் நாவல். கொரியப் பாட்டியின் வீட்டுக்குத் தாயுடனும் அக்காளுடனும் குடிவரும் லில்லியின் முன் ஒரு மாயப்புலி தோன்றி, பாட்டி முன்னொரு காலத்தில் திருடி ஜாடிகளில் அடைத்த கதைகளைத் திருப்பித் தந்தால் நோயுற்ற பாட்டியைக் குணப்படுத்துவதாகப் பேரம் பேசுகிறது. சிறுமி அதை நம்பி ஜாடிகளைத் திறந்தும் பாட்டி இறந்துவிடுகிறாள். மந்திரத்தை நம்பவைத்துக் கூட்டிப்போன எழுத்தாளர் கடைசியில் கைவிரித்தால், படிக்கும் குழந்தை அடுத்த கதையை எப்படி நம்பும்?

செஞ்சோளம்:
எனக்கு உடன்பாடில்லை. நாவலுக்கு அடித்தளமான சூரியன் சந்திரன் கதையை நினைத்துப் பாருங்கள். மலை தாண்டி வீடு திரும்பும் தாயை வழிமறிக்கும் புலி, ஒரு கொழுக்கட்டை கொடுத்தால் தின்னமாட்டேன் என்று மீண்டும் மீண்டும் கேட்டு வாங்கி, கூடை காலியானதும் அவளையே தின்றுவிடுகிறது. பிள்ளைகள் வானத்துக் கயிற்றைப் பிடித்து ஏறிச் சூரியனும் சந்திரனும் ஆகிறார்கள். ஆனால் தாய் திரும்பி வருவதேயில்லை. கொரியக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த கதையிலேயே பேரம் பொய்த்துப்போகிறது என்றால், கெல்லர் மட்டும் எதை மீறிவிட்டார்?

திண்ணை வாசகர்:
அந்தக் கதையில் புலி வஞ்சகன் என்பது கேட்பவருக்கு முதலிலிருந்தே தெரியும். பிள்ளைகளைத் துரத்தி ஏறும்போது உளுத்த கயிறு அறுந்து அது சோளக்கொல்லையில் விழுந்து சாகிறது. சோளத்தட்டை சிவந்திருப்பது அதன் இரத்தத்தால்தான் என்று கதை நியாயம் தீர்க்கிறது. நாவலோ புலியின் பல்லைப் பிடுங்கி, துக்கத்துக்கு ஆறுதல் சொல்லும் துணையாக மாற்றிவிட்டது. கோபப்படுவதற்குக்கூட அந்தச் சிறுமிக்கு எதிரியில்லை.

செஞ்சோளம்:
புற்றுநோயில் பாட்டியை இழக்கும் குழந்தைக்கு எதிரி எங்கே இருக்கிறது? மேலும், கொரிய மரபில் புலிக்கு ஒரே முகமில்லை. மலைத்தெய்வமான சன்சினின் படங்களில் அது அவர் அருகிலேயே அமர்ந்திருக்கும்.

பள்ளி நூலகர்:
இருவரும் லில்லியின் அக்காள் சாம் என்பவளை மறந்துவிட்டீர்கள். தந்தையை ஏற்கெனவே இழந்தவள் அவள். பாட்டியின் நோயை எதிர்கொள்ள முடியாமல் வீட்டாரிடம் எரிந்துவிழுகிறாள். நீங்கள் தேடும் கோபம் அவளிடம் இருக்கிறது. புலி இல்லாவிட்டாலும் லில்லியின் துக்கத்தைப் பகிர்ந்துகொள்ள அந்த வீட்டில் ஒருத்தி இருந்தாள் என்பதால், முடிவை ஏமாற்று என்று என்னால் சொல்ல முடியவில்லை.

திண்ணை வாசகர்:
சாமைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஜாடிகளைத் திறந்தால் பாட்டி பிழைப்பாள் என்ற வாக்கு அப்படியேதான் நிற்கிறது, அதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.